கூப்பிட்டால் வாரேன்

எங்கள் கல்லூரியில் இப்போது யாரும் பேர் கூப்பிடுவதில்லையாம். வாசலில் ஒரு கருவியை மாட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதற்கு முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனால் வருகை பதிவாகிவிடுகிறதாம். எனக்குப் பிறகு நூலகராக வந்திருக்கும் கவிதா போனில் இதைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் ஆண்டு மலருக்கு என் பணி அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார். கருவி நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பேர் கூப்பிடுவது என்று ஒரு வேலை இருந்ததே, அதை வைத்துத்தான் ஒரு மனுஷிக்கு அரை நூற்றாண்டு கழித்து நியாயம் வாங்கிக் கொடுத்தோம். அதை எழுதாமல் வேறு எதை எழுதுவது?

என் பேர் லூர்து மேரி. சேலம் டவுன்காரி. மல்லசமுத்திரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்னக் கலைக் கல்லூரியில் நூலகராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளாதாரம், வணிகவியல். அவ்வளவுதான் பாடங்கள். சுற்றுவட்டாரத்தில் இன்ஜினியரிங் கல்லூரிகள் மாடி மேல் மாடியாக எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், இதுவும் ஒரு காலேஜா என்று கேட்டவர்களிடம் மல்லுக்கட்டியே என் பாதி சர்வீஸ் போனது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது எனக்கு.

அங்கே எல்லோரும் என்னை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். சேர்ந்த அன்று வெள்ளைப் புடவை கட்டி, கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்டுக்கொண்டு போனேன். போதாதா? கன்னியாஸ்திரி என்று ஒட்டுமொத்தக் கல்லூரியும் முடிவு கட்டிவிட்டது. அடுத்த வருஷம் என் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோது அலுவலகமே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கணக்கர் மட்டும் தயங்கித் தயங்கி, இதற்கு உங்கள் சாமியார்கள் ஒத்துக்கொள்வார்களா சிஸ்டர் என்று கேட்டார். இரண்டு பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகள் அதே கல்லூரி விழாவுக்கு வந்து கேசரி தின்றுவிட்டுப் போன பிறகும் நான் சிஸ்டராகத்தான் இருந்தேன். பிறகு எனக்கே பழகிவிட்டது.

பயிற்சி பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. புத்தகத்துக்கு எண் போட, முதுகில் சீட்டு ஒட்ட, நாள் கடந்து கொண்டுவந்தவனை முறைக்க ஒரு வருஷத்தில் கற்றுக்கொண்டேன். கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது எங்கள் செயலாளரின் பேச்சைத்தான்.

செயலாளர் குழந்தைவேலு அந்த ஊர்க்காரர். கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையில் அவர் சொன்னால் சொன்னதுதான். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. இல்லை என்ற சொல்லையும் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. எது கேட்டாலும் தலையை ஆட்டி, "பாக்கலாங்க" என்பார். நூலகத்துக்கு ஒரு மின்விசிறி கேட்டேன். "பாக்கலாங்க சிஸ்டர்" என்றார். ஆகா, மனுஷர் எவ்வளவு தன்மையாகச் சொல்கிறார் என்று நானும் அந்தக் கோடை முழுக்க வேர்த்து விறுவிறுத்துக் காத்திருந்தேன். கடைசியில் முதல்வர்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார். ஐயா "பாக்கலாங்க" என்றால் நடக்காது என்று அர்த்தம். "பாத்துப்போடலாங்க" என்றால்தான் நடக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் சேலம் டவுன்காரிக்கு எங்கே புரியும்? அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்த ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து வரவழைப்பதுதான் என் வேலையாக இருந்தது.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. கல்லூரி தொடங்கிய வருஷம் புகுமுக வகுப்பில் சேர்ந்த முதல் செட் மாணவர் அவர். விழா மேடை எதுவானாலும், "இந்தக் காலேஜோட மொத மாணவன் நானுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த வருஷம் இங்கிலீஷில் கோட் அடித்துப் பெயிலானதையும் அவரே சொல்லிச் சிரிப்பார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுஷர்தான்.

கல்லூரி தொடங்கியது ஒரு கடலைக்காய் குடோனில். அதை வாடகைக்குப் பிடித்து, மூட்டைகளை அப்புறப்படுத்தி, பெஞ்சு போட்டார்கள். பின்னால் புதுக் கட்டடங்கள் வந்தபோதும் ராசி என்று சொல்லி அந்தக் குடோனை விலைக்கு வாங்கிக் கூட்ட அரங்கமாக வைத்துக்கொண்டார்கள். அரங்கத்துக்குள் நுழைந்தால் வலது பக்கச் சுவரில் ஒரு குட்டைக் கதவு இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு சின்ன அறை. மூட்டைகளை எடை போட்ட இடம் என்பதால் எடை அறை என்றே பேர் நின்றுவிட்டது. அதற்கு ரோட்டுப் பக்கமாக இன்னொரு கதவும் உண்டு. நான் போனபோது உடைந்த பெஞ்சுகளைத்தான் அதில் போட்டிருந்தார்கள்.

எனக்கு அந்த அறை மேல் ஒரு கண். ஏனென்றால் கல்லூரியின் ஆரம்ப வருஷத்துப் பதிவேடுகள் எல்லாவற்றையும் நான் வருவதற்கு முன்பே கரையான் தின்று தீர்த்துவிட்டிருந்தது. மிச்சமிருந்த புகைப்படங்கள், விழா அழைப்பிதழ்கள், பழைய மலர்கள் எல்லாம் சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே கிடந்தன. ஒரு ஆவண அறை வேண்டும் என்று வருஷா வருஷம் எழுதிக் கொடுப்பேன். வருஷா வருஷம் "பாக்கலாங்க" வரும்.

ஒருநாள் பழைய மாணவர் ஒருவர் செத்துப்போன சிநேகிதனின் முகம் இருக்கிற வகுப்புப் படம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டு வந்தார். செயலாளரும் அப்போது நூலகத்தில் இருந்தார். நான் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னாலேயே மேஜையில் கவிழ்த்தேன். படமும் கிடைத்தது. கூடவே கரையான் புற்று மண்ணும் கரையானும் பொலபொலவென்று அவருடைய சலவை வேட்டி மேல் கொட்டியது. வேண்டுமென்றே செய்தேனா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். அவர் எழுந்து வேட்டியை உதறினார், படத்தைப் பார்த்துக் கண் கலங்கி நின்ற மாணவரைப் பார்த்தார், "எடை ரூமுதானுங்க வேணும்? பாத்துப்போடலாங்க" என்றார். அடுத்த வாரமே அறைக்கு வெள்ளையடித்துச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அறை கிடைத்தது, ஆனால் ஆரம்ப காலத்துக்கு ஆவணம்? காகிதம் போனால் போகட்டும், ஆட்கள் இருக்கிறார்களே என்று பழைய மாணவர்களின் நினைவுகளைச் சேகரிக்கத் தொடங்கினேன். அதில் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கல்லூரி நாட்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். முதல்வர் கண்டிப்பானவர், கேண்டீன் போண்டா பிரமாதம், அந்தக் காலம் இனி வருமா. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது. அதனால் கேள்வியை மாற்றினேன். எந்தப் பஸ்ஸில் வந்தீர்கள்? எந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்தீர்கள்? பக்கத்தில் யார்? மழை பெய்தால் எங்கே ஒழுகும்? இப்படிக் கேட்டால் மனுஷர் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடுவார். அப்புறம் வருவதுதான் எனக்கு வேண்டிய சரக்கு.

சொன்னதைச் சொன்னபடியே எழுதுவேன், திருத்த மாட்டேன். எழுதி முடித்ததும் அவருக்கே படித்துக் காட்டுவேன். ஆமாங்க என்று அவர் சொன்னால்தான் கோப்பில் ஏறும். இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவைத்துக் கேட்கவே மாட்டேன். சேர்ந்தால் பேசிப் பேசி ஒரே கதையாக்கிவிடுவார்கள். தப்பு என்று தெரிந்தாலும் தூக்கிப் போட மாட்டேன். ஒருத்தர் சொன்னது இன்னொருத்தரோடு ஒத்துப்போகிற வரைக்கும் அது வெறும் பேச்சு என்று ஓரமாக வைத்திருப்பேன்.

அப்படிச் சேர்ந்த நினைவுகளில் முதல் செட்காரர்கள் எல்லோரும் சொன்ன ஒரு விஷயம் உண்டு. அவர்களுடைய தமிழாசிரியர் வருகை எடுத்த விதம். தமிழையா என்றுதான் அவரைச் சொல்வார்கள். நான் வருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். முதல் மணி நேரம் அவருடையது. அகர வரிசையில் கூப்பிட்டால் திருச்செங்கோட்டுச் சாமி பேரை வைத்துக்கொண்ட அர்த்தநாரிகளே வரிசையாக வந்துகொண்டிருப்பார்கள். அதைவிட முக்கியமாக, தூரத்து ஊர்ப் பையன்களுக்குப் பஸ் தாமதமாகும். அதனால் அவர் தூரத்தை வைத்துக் கூப்பிட்டார். உள்ளூர்க்காரன் முதலில், பிறகு மல்லசமுத்திரம், திருச்செங்கோடு, சங்ககிரி, ராசிபுரம் என்று போய், கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்காரன் கடைசியில். ஊர்ப் பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வருகிறவனுக்கும் "உள்ளேன் ஐயா" சொல்ல நேரம் இருக்கும். என்ன மனசு பாருங்கள் அந்த மனுஷருக்கு.

இனி, பொன்விழா வருஷத்துக்கு வருகிறேன். முதல் செட் மாணவர்கள் அத்தனை பேருடைய பேரையும் ஒரு கருங்கல்லில் வெட்டி அரங்கத்து வாசலில் வைப்பது என்று செயலாளர் முடிவு செய்தார். பாஸா பெயிலா என்ற கேள்வியே கிடையாது, அந்தக் குடோனில் உட்கார்ந்து படித்த அத்தனை பேரும் உண்டு என்று அறிவித்தார். பேர்களைச் சேர்த்துக் கொடுக்கும் வேலை எனக்கு. பதிவேடு இல்லாததால் ஆள் ஆளாக விசாரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தேன். உள்ளூர்ப் பேப்பரில் செய்தி வந்தது. வந்த சில நாட்களில் எடை அறை வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றார்.

வயதானவர், ஆனால் நிமிர்ந்த நடை. நல்ல கைத்தறிப் புடவை. குமாரபாளையத்தில் மகன்களோடு சேர்ந்து லுங்கி, துண்டு மொத்த வியாபாரம் செய்கிறவர், பேர் சௌந்தரம். உள்ளே வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார். அங்கே ஒரு பழைய இரும்புக் கொக்கி உண்டு. நான் அதில் ஒட்டடைக்கோலை மாட்டி வைத்திருந்தேன்.

"தராசு அதுலதானுங்க தொங்கும். நான் இதுக்குக் கீழதான் உக்காந்திருந்தேன்" என்றார். "அந்தக் கல்லுல எம்பேரும் வரோணுமுங்க சிஸ்டர்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் கல்லூரி ஆண்கள் கல்லூரியாகத் தொடங்கி, பல வருஷம் கழித்துத்தான் பெண்களைச் சேர்த்தது. நானே எத்தனை மலரில் அப்படி எழுதியிருக்கிறேன்.

அவர் சொன்ன விவரம் இது. அவருடைய அப்பா அதே குமாரபாளையத்தில் தறி நெய்தவர், தமிழையாவுக்குத் தெரிந்தவர். பெண் நன்றாகப் படிக்கிறாள், சேலத்துக்கு அனுப்பி ஹாஸ்டலில் விட வசதியில்லை. ஐயா தன் பொறுப்பில் இங்கே சேர்த்துக்கொண்டார். ஆனால் பையன்களோடு பெண்ணை உட்காரவைக்க அன்றைய பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. அதனால் எடை அறையில் ஒரு ஸ்டூல் போட்டு, குட்டைக் கதவைப் பாதி சாத்தி வைத்தார்கள். ரோட்டுப் பக்கக் கதவு வழியாக வந்து, அது வழியாகவே போய்விடுவார். பையன்கள் அவரைப் பார்த்ததில்லை. மற்ற ஆசிரியர்கள் அப்படி ஒருத்தி இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள். தமிழையா மட்டும் தினமும் கூப்பிடுவார், அவர் உள்ளே இருந்து "உள்ளேன் ஐயா" சொல்வார். தை மாதத்தில் கல்யாணம் ஆனது. படிப்பு அதோடு நின்றது.

"கட்டிக்கிட்டுப் போன ஊட்டுல நான் காலேஜ் போனவள்னு ஒரு தடவ சொல்லிட்டேனுங்க. அன்னைக்கிருந்து எம்பேரே காலேஜம்மா. கேலிக்குத்தான். எம்பசங்களும் அப்படித்தான் கூப்புடறானுங்க. அது பசங்க காலேஜுன்னு ஊருக்கே தெரியும், இவ என்னமோ அளக்கறாள்னு நெனப்பு. சாகறதுக்கு முன்னால அவனுங்க அந்தக் கல்லப் பாக்கோணும்."

அவர் குரல் நடுங்கவே இல்லை. சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். ஆனாலும் என் வழக்கம் என் வழக்கம். ஒருத்தர் சொன்னது வெறும் பேச்சு. இரண்டாவது ஆள் வேண்டும்.

முதலில் செயலாளரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை, யோசித்தே பார்த்தார். "எங்க கிளாஸுல பொம்பளப் புள்ளையே இல்லீங்க சிஸ்டர். நாந்தான இருந்தேன்" என்றார். எடை அறையைப் பற்றிச் சொன்னேன். கடலைக்காய் வியாபாரம் செய்த யாருக்கும் கொக்கி தெரியும் என்றார். பாவம், வயதான அம்மாள், மனசு நோகக் கூடாது, வேண்டுமானால் விழாவுக்கு ஏதாவது கொடுக்கச் சொல்லி நன்கொடையாளர் கல்லில் பேரைப் போட்டுவிடலாம் என்றும் சொன்னார். மாணவர் கல்லைப் பற்றிக் கேட்டதற்கு வந்த பதில் உங்களுக்கே தெரியும். "பாக்கலாங்க."

நன்கொடை யோசனையைச் சௌந்தரம் அம்மாளிடம் போனில் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கூசியது. அந்தப் பக்கம் தறிச் சத்தத்தை மீறிக் குரல் வந்தது.

"நான் குடுத்தவ இல்லீங்க சிஸ்டர். படிச்சவ" என்றார்.

அவ்வளவுதான். எனக்கு வந்ததே ஒரு வேகம். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறிவிடுவேன். சங்ககிரியில் ரிக் லாரி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போட்டுப் பணக்காரரான அங்கமுத்துவைப் பார்த்தேன். சேந்தமங்கலத்தில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ரங்கசாமியைப் பார்த்தேன். ராசிபுரம், திருச்செங்கோடு என்று அலைந்தேன். பெண்ணைப் பற்றி நானாக வாய் திறக்கவே மாட்டேன். வலது பக்கக் குட்டைக் கதவு நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்பேன்.

சுவாரஸ்யம் என்னவென்றால், எல்லோருக்கும் ஏதோ ஒன்று நினைவிருந்தது, யாருக்கும் முழுதாக இல்லை. உள்ளே இருந்து குரல் ஒன்று வரும் என்றார் ஒருவர். அது ஐயாவின் சொந்தக்காரப் பெண், கூட்டிப் பெருக்க வந்தவள் என்றார். இன்னொருவர் அந்தக் குடோனில் பேய் இருந்ததாகச் சத்தியம் செய்தார். அங்கமுத்து மட்டும், பையன்கள் யாரும் பதில் சொல்லாத கேள்விக்குக் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வரும் என்றும், எடை ரூமு சொல்லுது கேளுங்கடா என்று ஐயா சிரிப்பார் என்றும் சொன்னார். வெளியில் மூச்சு விடக் கூடாது, விட்டால் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது என்று முதல் வாரமே ஐயா அவர்களிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாராம். அப்படியானால் செயலாளரிடம் வந்து சொல்லுங்கள் என்றேன். மனுஷர் நெளிந்தார். அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் எங்கள் கல்லூரியில் படித்தவர்கள். குழந்தைவேலு இல்லையென்று சொன்ன பிறகு நான் எப்படி மூஞ்சிக்கு நேராக ஆமாம் என்பது என்றார். மற்றவர்களும் அதே பாட்டுத்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அரை நூற்றாண்டாகக் காப்பாற்றின சத்தியத்தை இப்போது காப்பாற்றி யாருக்கு என்ன லாபம்?

கல் வெட்டுகிறவர் வந்து பேர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெட்டிவிட்டால் வெட்டியதுதான், நடுவில் ஒரு பேரைச் செருக முடியாது. அதற்கு முன்னால் முதல் செட்காரர்கள் எல்லோரும் கூடிப் பேர்களைச் சரிபார்ப்பது என்று அரங்கத்தில் ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. செயலாளர் தலைமை. சௌந்தரம் அம்மாளையும் வரச் சொன்னேன். வந்தார். ஆனால் அரங்கத்துக்குள் வர மறுத்துவிட்டார்.

"என்னைய ஆரும் கூப்புடலீங்களே சிஸ்டர். கூப்புட்டா வாரேன்" என்றார்.

நான் எடை அறையைத் திறந்துவிட்டேன். கொக்கிக்குக் கீழே என் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். குட்டைக் கதவை அவரே பாதி சாத்திக்கொண்டார். அவர் சொன்ன அந்தக் "கூப்புட்டா" என் காதிலேயே நின்றது. இத்தனை வருஷமாக ஆட்களைத் தனித்தனியாகக் கேட்டுப் பழகியவள் நான். அன்றைக்கு என் விதியை நானே மீறினேன்.

அரங்கத்தில் நரைத்த தலைகளாக உட்கார்ந்திருந்தார்கள். காகிதம் எதையும் எடுக்காமல் முன்னால் போய் நின்றேன். பேர்களைச் சரிபார்க்க ஒரே வழிதான் இருக்கிறது, தமிழையா கூப்பிட்ட மாதிரி கூப்பிட்டுப் பார்க்கலாம், எனக்கு முதல் பேர் மட்டும்தான் தெரியும், அடுத்து யார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். எல்லோருக்கும் ஒரே குஷி. வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"உள்ளூர் குழந்தைவேலு" என்றேன்.

"உள்ளேன் ஐயா" என்றார் செயலாளர், பெருமை பொங்க.

அப்புறம் நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. மல்லசமுத்திரம் அர்த்தநாரி என்று நாலு பேர் குரல் கொடுத்தார்கள், அர்த்தநாரி உள்ளேன் ஐயா என்றார். அடுத்த பேர், அதற்கடுத்த பேர். திருச்செங்கோட்டுக்காரர்கள் முடிந்து சங்ககிரிக்குப் போனது. இடையில் சில பேருக்குப் பதில் வராது. தவறிட்டாருங்க என்று யாராவது மெல்லச் சொல்வார்கள், ஒரு நொடி நிறுத்தி அடுத்ததற்குப் போவார்கள். ராசிபுரம் வந்தது. ராசிபுரத்தில் கடைசி ஆளும் உள்ளேன் ஐயா சொன்னார்.

அங்கே நின்றது. யாரும் அடுத்த பேரைச் சொல்லவில்லை. சொல்லாமல், அத்தனை பேரும் தலையை வலது பக்கம் திருப்பிக் குட்டைக் கதவைப் பார்த்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் திரும்பவில்லை. கழுத்து தானாகத் திரும்பிவிட்டது.

சேந்தமங்கலத்து ரங்கசாமி சார் வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டதைப் பார்த்தேன். ஏன் நிறுத்திவிட்டீர்கள் சார் என்று கேட்டேன்.

"பொறுங்க சிஸ்டர். அங்கிருந்து ஒரு சத்தம் வரோணும். அது வந்தப்புறந்தானுங்க எம்பேரு" என்றார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்று கேட்டேன். பேர் சொல்ல மாட்டார், பையன்கள் முன்னால் பெண்பிள்ளை பேர் வேண்டாம் என்று ஊரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவார் என்றார். என்ன ஊர் என்று கேட்டதற்கு அவர் ஒருவர் பதில் சொல்லவில்லை. அங்கமுத்து, அர்த்தநாரி, பேய் என்று சத்தியம் செய்தவர் உட்பட எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

"குமாரபாளையம்."

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"உள்ளேன் ஐயா."

பெரிய சத்தம் இல்லை. ஆனால் அந்தக் குடோனில் கேட்காதவர் யாருமில்லை. ரங்கசாமி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செயலாளர் மட்டும் ஒன்றும் விளங்காமல் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தினமும் நடந்ததாமே, எனக்கு மட்டும் ஏன் நினைவில்லை என்று நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

அங்கமுத்துவுக்கு அதுவரை இருந்த பயம் எங்கே போனதோ, இடி இடியென்று சிரித்தார். "நீ எங்கப்பா இருந்த? மொதப் பேரு உம்பேரு. உள்ளேன் ஐயா சொன்னதீம் பின்னாடிக் கதவுல நழுவிருவ. குமாரபாளையம் வாரப்ப நீ டீக்கடையில போண்டா தின்னுட்டு இருப்பே."

அரங்கமே வெடித்துச் சிரித்தது. இதை யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. செயலாளர் திரும்பிப் பின்கதவைப் பார்த்தார், குட்டைக் கதவைப் பார்த்தார். முகம் சிவந்துபோனது. பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார்.

"அப்ப நாந்தான் ஆப்சென்ட்டுங்களா சிஸ்டர்?" என்றார்.

எழுந்து, துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, அவரே நடந்து போய்க் குட்டைக் கதவை முழுக்கத் திறந்தார். உள்ளே வாங்கம்மா, உங்கள் கிளாஸுக்கு வாங்க என்று கூப்பிட்டார். சௌந்தரம் அம்மாள் குனிந்து நிலையைத் தாண்டி, முதல்முறையாக அந்த வகுப்புக்குள் வந்தார். அத்தனை கிழவர்களும் எழுந்து நின்றார்கள்.

கல்லைப் பற்றிக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. இருந்தாலும் நான் விடுவேனா? அந்தச் சொல்லை என் காதால் கேட்டால்தானே எனக்குத் தூக்கம் வரும். பக்கத்தில் போய் நின்று, கல் ஐயா, என்றேன்.

"பாத்துப்போடலாங்க" என்றார். அதோடு நிற்கவில்லை. கல்லில் பேர்கள் ஐயா கூப்பிட்ட வரிசையிலேயே, ஊரோடு வர வேண்டும் என்று கல் வெட்டுகிறவரிடம் சொல்லியும் அனுப்பினார். அதனால்தான் எங்கள் அரங்கத்து வாசலில் இருக்கிற கல் எந்த அகர வரிசையிலும் அடங்காது. உள்ளூர் குழந்தைவேலுவில் தொடங்கிச் சேந்தமங்கலத்தில் முடியும். சேந்தமங்கலத்துக்கு முந்தின வரி, குமாரபாளையம் சௌந்தரம்.

பொன்விழா அன்று அவருடைய மகன்கள் மருமகள்கள் பேரப்பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். மூத்த மகன் கல்லின் முன்னால் நின்று, அம்மா பேரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லியும் நகரவில்லை. பிறகு அம்மாவின் செருப்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டு அரங்கத்துக்குள் கூட்டிப் போனார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அழுதேன், அதில் என்ன வெட்கம்?

விழா மேடையில் மந்திரி பேச்செல்லாம் முடிந்த பிறகு, செயலாளர் மைக்கைப் பிடித்து, நன்றியுரைக்கு முன்னால் ஒரு தடவை பேர் கூப்பிட்டுவிடலாம் என்றார். கூப்பிடுகிற வேலை எனக்கு. முதல் பேரைக் கூப்பிட்டேன். உள்ளேன் ஐயா என்று சொல்லிவிட்டு அவர் மேடையிலிருந்து இறங்கிப் போய்ப் பெஞ்சில் மற்றவர்களோடு உட்கார்ந்தார். பின்கதவைப் பூட்டிவிட்டீர்களா என்று அங்கமுத்து குரல் கொடுத்தார். மல்லசமுத்திரம் போனது, திருச்செங்கோடு போனது, சங்ககிரியும் ராசிபுரமும் போயின. செயலாளர் அசையாமல் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"குமாரபாளையம் சௌந்தரம்" என்றேன்.

வகுப்பு முழுவதும் வழக்கம்போலக் கழுத்தை வலது பக்கம் திருப்பிக் குட்டைக் கதவைப் பார்த்தது. இந்தத் தடவை செயலாளரும் திரும்பினார். கதவு அகலத் திறந்து கிடந்தது, உள்ளே யாரும் இல்லை. முன்வரிசையில், அவர்களுக்கு நட்டநடுவில், சௌந்தரம் அம்மாள் எழுந்து நின்றார்.

"அங்க இல்லீங்க. இங்க இருக்கறேன்" என்றார். "உள்ளேன் ஐயா."